தொழில் என்ற கட்டம்

கோட்டையில் எங்கள் காப்புறுதிக் கந்தோர்.
மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
நைல்ஸ் அருளையா வந்து முன்னால் குந்தினான்.
ஆமணக்கெண்ணெய் மணம்.
பேதிக்குக் குடித்துவிட்டு வந்தவன் என்றே நினைத்தேன்.
எஞ்சினுக்கு ஊற்றுவதாம்.

தொழில் என்ற கட்டத்தில் எழுதியிருந்தான்:
“திருத்திய விமானம் திரும்பவும் உடையுமா என்று
மேலே கொண்டுபோய்ப் பார்ப்பது.”
இடம் போதாமல் எழுத்து
மதம் என்ற கட்டத்துக்குள் வழிந்திருந்தது.

தந்தி அடித்தோம்.
லண்டன் ஒரே சொல்லில் பதில் தந்தது.
அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை;
“அடுத்த மாதம் வாரும்” என்றேன்.
வந்தான். அதற்கடுத்த மாதமும்,
ஒரு புருவம் கருகி.

ஒரு ஞாயிறு ரயிலேறி இரத்மலானை போனேன்.
விண்ணப்பதாரரை நேரில் பார்க்கவேண்டும் என்று
எங்கள் விதிகளில் இருக்கிறது, பதினான்காம் பிரிவு.
(பொய். பார்க்க ஆசை.)

ஒட்டுப் போட்ட மஞ்சள் இறக்கை
தென்னைகளுக்கு மேல், களப்புக்கு மேல்,
பிறகு ஒரு கொசு அளவு.
அங்கே வைத்துச் சத்தம் நின்றது.

அவன் நிறுத்தினானா, அதுவாய் நின்றதா,
மெக்கானிக் சல்தீனுக்கும் தெரியவில்லை;
சிகரெட்டைத் தலைகீழாய் வாயில் வைத்தான்.
நான் பிரீமியம் கணக்குப் போட்டேன்.
வேறென்ன தெரியும் எனக்கு:
வயது முப்பத்தொன்று, மனைவி கொட்டாஞ்சேனையில்,
பிள்ளை ஒன்று, வயிற்றில் இன்னொன்று.

காகங்கள் மட்டும் பேசின.
பிறகு அத்திடியச் சதுப்பில்
எருமைகள் எழுந்து விலகும் சத்தம்.

ஓடினோம்.
இடுப்பளவு சேற்றில் நின்று,
நனையாமல் தூக்கிப் பிடித்த கொப்பியில்
பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தான்.
ஆயிரம் அடி. எழுபத்தொரு செக்கன். இடப்பக்கம் சரிகிறது.
என்னைக் கண்டதும்
“லண்டன் எழுதினதா?” என்றான்.
எழுதினது, என்றேன். இல்லை என்று எழுதினது.
தலையாட்டினான்.
அதையும் கொப்பியில் குறித்துக்கொண்டான்.

படிவங்களில் நான் நிரப்பும் தொழில்
இன்றைக்கும் லிகிதர்தான்.
ஆனால் காலி வீதி பஸ்ஸில், தெஹிவளை தாண்டி,
கடற்காற்று குறுக்கே வரும் ஒழுங்கைகளில்
உள்ளங்கையை வெளியே நீட்டுவேன்.
விரல் நுனியைச் சற்று நிமிர்த்தினால் கை தானாய் எழும்.
இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினால்
சட்டென்று விழும்.
அந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ
அவன் வேலை பார்த்தான்.

“கையை உள்ளுக்கு எடுங்க ஐயா!”
கண்டக்டர் கத்துகிறான்.
பொறு தம்பி,
பம்பலப்பிட்டி வரைக்கும்.