மாப்பிள்ளைப் பாய்

மே மாதம் முழுக்க எங்கள் வள்ளத்துக்கு
ஜெபினின் முகம்தான் பாய்.
மூன்றாம் வீட்டுக் கல்யாணத்துக்கு அடித்த ஃபிளெக்ஸ்.
கோழிக்கூட்டின் மேல் கிடந்ததை
இருநூறு ரூபாயும் ஒரு வருக்கைச் சக்கையும் கொடுத்து
வாங்கி வந்தான் ரெஜிஸ்.
பெண்ணின் பக்கத்தை எலி தின்றிருந்தது.
வெட்டி, மடித்து,
மிஷினில் நான்கு ஊசி ஒடித்து
நான்தான் தைத்தேன்.
'வாழ்த்தும் நண்பர்கள்' என்ற வரி
அடியோரத்தில் தலைகீழாகக் கிடக்கிறது.

காற்று வந்தால் ஜெபினுக்குக் கன்னம் உப்பும்.
விழுந்தால் தொண்ணூறு வயது.

கப்பலில் பதினெட்டு வருஷம் சமைத்தவன் ரெஜிஸ்.
கடலை அவன் பார்த்ததெல்லாம்
வெங்காயம் நறுக்கும் மேஜைக்கு மேலே
ஒரு வட்டச் சன்னலில்.
இனிமேல் முழுசாகப் பார்க்கணும் என்றான்.
முழுசு என்றால் மணக்குடிக் காயல்,
அதுவும் பாலத்துக்கு இந்தப் பக்கம்.
பொழிமுகம் தாண்டினால்
வேலைக்குப் போகிறவர்களின் கடல்.
எங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியாது.
பேரம் பேசத் தெரியும்.

நாய்கள் இரண்டு.
சுக்கு, நிறத்தால் வந்த பெயர்.
மற்றவன் முழுக் கறுப்பு,
கழுத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை,
ஆகவே பாதிரி.
பங்குச் சாமியார் எதிரே வந்தால்
அவன் பெயர் 'டேய்'.

சுக்கு அணியத்தில் மூக்கை நீட்டி
அலையாத்திச் சேற்றை வாசிப்பாள்.
பாதிரிக்குப் பாயோடுதான் வழக்கு.
ஜெபின் கன்னம் உப்பும்போதெல்லாம்
எழுந்து நின்று குரைப்பான்.
எங்களுக்குக் காற்று வந்தது தெரிவது
அவன் சொல்லித்தான்.

அந்த ஞாயிறு முதல் பூசை முடிந்த கையோடு இறங்கினோம்.
தூக்குச்சட்டியில் அவித்த மரச்சீனி,
காந்தாரி மிளகும் உப்பும் சதைத்த சம்மந்தி,
வாழையிலையில் நெத்திலி,
தோல் சிவந்த செங்கவருக்கை ஒன்றே ஒன்று,
ஐந்து லிட்டர் கேனில் அக்கானி.
சுண்ணாம்பு குறைவு போல.
பதினொரு மணிக்கு மேல்
அக்கானி கொஞ்சம் சிரிக்கத் தொடங்கியது.
நாங்களும்.

பிறகு காற்று செத்தது.
தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை.
துடுப்பு எடுக்கவா என்றேன்.
எதற்கு என்றான்.
உண்மைதான், எதற்கு.
வள்ளம் தன் பாட்டுக்கு ஒருமுறை சுற்றியது.
நெத்திலியின் முள் பல்லிடுக்கில்,
வெயில் முதுகில்,
நாய்களின் நாக்கிலிருந்து என் காலில் ஒவ்வொரு சொட்டு.
நாளைக்கு வங்கியில் நகைக்கடன் ஏலம் என்று
ஒருமுறை நினைவு வந்தது.
மரச்சீனியைச் சம்மந்தியில் நன்றாக முக்கினேன்.
கண்ணில் தண்ணீர் வந்ததில் அது கழுவிப் போய்விட்டது.

பாலத்தின் மேல் பைக்கை நிறுத்தி ஒருவன்
வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
"அக்கா, அது எனக்க மூஞ்சில்லா?"

கரையோரம் ஒதுக்கி ஏற்றிக்கொண்டோம்.
பாதிரி மோந்து பார்த்தான், வாலாட்டினான்,
மடியில் தலையை வைத்துக்கொண்டான்.
ஜெபின் பாயை அண்ணாந்து பார்த்து
"இவ்வளவு பவுடர் போட்டிருக்க வேண்டாம்" என்றான்.
அப்புறம் மெதுவாக,
"ஷைனி எங்க?"
நான் கிள்ளுவதற்குள் ரெஜிஸ் சொல்லிவிட்டான்:
"எலி தின்னுட்டு."

ஒரு நொடி காயலே மூச்சைப் பிடித்தது.
பிறகு அவன் சிரித்த சிரிப்பில்
வள்ளம் ஒருபக்கம் சாய்ந்தது.
கல்யாணமாகி இருபதாம் நாள் குவைத்துக்குப் போனவள்,
ஆஸ்பத்திரி வேலை.
பாயை ஃபோட்டோ எடுத்து அனுப்பினான்.
ஒரு டிக்தான் விழுந்தது.
அங்கே ட்யூட்டி நேரம் என்றான்.
அக்கானியை வாய் எடுக்காமல் குடித்தான்.

மேற்கிலிருந்து காற்று திரும்பியது.
கன்னம் உப்பியது.
ஜெபினின் மடியில் படுத்தபடியே
ஜெபினைப் பார்த்துக் குரைத்தான் பாதிரி.

அந்தக் கலவரத்தில்
கடைசி நெத்திலிகளைச் சுக்கு இலையோடு தின்றுவிட்டாள்.
மாம்பழம் மிச்சம்.
மூன்றாக நறுக்கியாயிற்று.
கொட்டை யாருக்கு என்ற பேச்சு
உப்பளம் தாண்டியும் முடியவில்லை.