சாயம் ஏறாதவை

மேலப்பாளையம் பேக்கரியில் காசிம்பாய்
தாளில் மடித்துக் கொடுத்த ஈஸ்ட்
இரண்டு டீஸ்பூன்.
"ரொட்டிக்குத்தானம்மா?" என்றார்.
"ரொட்டிக்குத்தான்" என்றேன்.
அடுத்த மாதம் கிறிஸ்துமஸ் என்பது
எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஹார்லிக்ஸ் பாட்டில். கொதித்து ஆறிய தண்ணீர்.
ஆற்றில் புதுவெள்ளம் வந்து
குழாயில் குளோரின் வாடை தூக்கலான வாரம்.
சீனி நான்கு கரண்டி, விரல் பொறுக்கும் சூடு.
வாயில் வேட்டித்துணி கட்டி
மிக்ஸிக்கும் சுவருக்கும் நடுவே வைத்தேன்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் அடியில் களிமண் நிறத்தில் படிவு,
மேலே அழுக்குப் பாலாடை மாதிரி ஒரு திட்டு.
மூன்றாவது மணியில் மோந்து பார்த்தேன்.
அவித்த முட்டையை உரித்த வாடை.
அத்தான் எட்டிப் பார்த்து
"சாக்கடைத் தண்ணி கணக்கால்லா இருக்கு" என்றார்.
அவர் எல்ஐசி. எதைப் பார்த்தாலும்
அதன் முடிவுதான் கண்ணில் படும்.

போன வருஷமும் இதே வாடைதான்.
கெட்டுவிட்டதென்று சிங்க்கில் கொட்டினேன்.
"அது அப்படித்தான இருக்கும் மதினி,
ஒரு ராத்திரி பொறுத்திருக்கப்பிடாதா?" என்றாள் எப்சிபா,
கொட்டி முடித்த பிறகு.
பன்னீர் திராட்சை ஆறு கிலோ
வாளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் என் உத்தியோகமே இதுதான்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி லேப், பதினாறு வருஷம்.
யாரோ ஒருவருடைய ஒரு துளியைப் பார்த்து
இது இயல்பு, இது இயல்பில்லை என்று
எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.
கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும்
முதல் பஸ் பிடித்து வந்தவர்கள்
அந்த ஒரு சொல்லுக்காக
பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பார்கள்.
தாளின் ஓரத்தில் அளவு அச்சடித்திருக்கும்,
இத்தனை முதல் இத்தனை வரை.
ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு
அப்படி ஓர் ஓரம் இல்லை.

நைட் டூட்டிக்குக் கிளம்பும்போது பார்த்தேன்.
திட்டு அப்படியே.
செத்த குளம்.

காலையில் வந்து பார்த்தபோதும் நுரை இல்லை.
ஆனால்
தண்ணீருக்கு மேலே மூன்று விரற்கடை உயரத்தில்
கண்ணாடியைச் சுற்றி
பழுப்பாய்க் காய்ந்த ஒரு வளையம்.
வெள்ளம் வடிந்தபின்
குறுக்குத்துறைக் கோயில் சுவரில் நிற்குமே, அந்த மாதிரி.
துணி நனைந்து காய்ந்து முறுமுறுப்பாய்.
நான் இல்லாத நேரம் பார்த்து
எழும்பி, ஆடி, அடங்கியிருக்கிறது.

நம்பியிருக்கலாம். கை கேட்கவில்லை.
மூடி போட்ட குழாயில் கொஞ்சம் எடுத்து
அன்றைக்கு ராத்திரி டூட்டிக்குக் கொண்டுபோனேன்.
மெத்திலீன் ப்ளூ ஒரு துளி, மேலே கவர்ஸ்லிப்.

இந்தச் சாயத்துக்கு ஒரு குணம்.
செத்த செல்லில் நீலமாய் உட்கார்ந்துவிடும்.
உயிருள்ளது அதை உள்ளே விட்டு
நிறத்தைத் தின்றுவிட்டு
ஒன்றும் நடக்காதது போல் வெறுமனே நிற்கும்.
நூறு எண்ணினேன். நீலம் ஒன்பது.
மற்றதெல்லாம் முட்டை முட்டையாய், நிறமற்று,
சிலதுக்கு இடுப்பில் ஒரு குட்டி மொட்டு.

ஒன்பது மணிக்குத்தான் இதே மொட்டுகளை
நான்காம் வார்டு சர்க்கரைக்காரரின் சிறுநீரில் பார்த்து
சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தேன்.
அதே முட்டை. அதே மொட்டு.
அங்கே அவருக்குக் குளிர்காய்ச்சல்.
இங்கே நான்
ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன்.
சிரித்து முடித்ததும்
வார்டுக்கு போன் போட்டு
மருந்து மாற்றினார்களா என்று கேட்டேன்.

பழைய ரிப்போர்ட்டின் பின்புறத்தில் எழுதினேன்.
பெயர், ஹார்லிக்ஸ்.
வயது, முப்பத்திரண்டு மணி நேரம்.
வாடை உண்டு. நுரை வந்து போனது.
இயல்பு என்று எழுதப் போன பேனா
'இ'யிலேயே நின்றது.
அடித்துவிட்டு
உயிரோடிருக்கிறது என்று எழுதினேன்.

ஜனவரியில் பேக்கரிக்குப் போனபோது
"ரொட்டி எப்படிம்மா வந்துச்சு?" என்றார் காசிம்பாய்.
"கொஞ்சம் புளிப்பு பாய்."
"மொத தடவ அப்படித்தான் இருக்கும்" என்று
இன்னொரு தாளை மடித்தார்.