இடது கண்

மார்ஸாஷ்லொக் துறையில் எல்லாப் படகுக்கும் கண்ணுண்டு.
முகப்பின் இருபுறமும் அப்பா வரைவார்,
ஒரே நாளில், ஒரே கிண்ணத்து நீலத்தில்.
ஒரு கண் காய்ந்து மறு கண் ஈரமாயிருந்தால்
படகு தன்னைத்தானே சுற்றும் என்பார்.
சினிமாக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்:
"அரக்கனுக்குக் கண் பார்க்க ஆள் வேண்டும்."
அப்பா கடலில் இருந்தார்.
நான் போனேன்.

கடலோரமாக ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள்.
விளிம்பு வழியத் தண்ணீர்.
கேமரா நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால்
தொட்டி எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது,
கடலுக்கே சந்தேகம் வரும்.
இடுப்பளவு ஆழத்தில் ஏழு கடல்.
ஒட்டுப்பலகைக் கப்பல்.
காதலியின் உயிரை முத்தில் அடைத்து
நாவடியில் வைத்திருக்கிறானாம் அரக்கன்;
மீட்க வருகிறான் மாலுமி.
காதலி மேல்தளத்தில் கல்லாக நிற்கிறாள்,
விளக்கை அணைத்ததும் இருமுகிறாள்.

அரக்கன் என்றால் ரப்பர், மீன்வலை,
பழைய லாரி டயர்.
கழுத்துக்குள் இரண்டு பேர் உட்காரலாம்,
முழங்கால் முட்டும்.
வலது கண்ணின் கயிறு விஸ்டின் கையில்,
இடது கண் எனக்கு.
சிவப்பு விளக்கு எரிந்தால் இழுக்க வேண்டும்.
பதினோரு நாள் இழுத்தோம்.
பதினோரு நாளும் ஒருசேர விழித்தான் அரக்கன்.
நாங்கள் அதிகம் பேசவில்லை.
பசை நாற்றத்துக்கு நடுவே
அவன் சட்டையில் மட்டும் பெருஞ்சீரக வாசம்.

பன்னிரண்டாம் நாள் தென்கிழக்குக் காற்று.
பொய் அலைமேல் மெய்க் காற்று.
கப்பல் உடைய வேண்டிய நாள்;
இருந்தது ஒரே கப்பல்.
விளக்கு எரிய ஒரு மூச்சு இருக்கும்போது
விஸ்டின் சொன்னான்,
"மெல்போர்னுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன்.
இரண்டு."

சிவப்பு.
அவன் இழுத்தான்.

என் கை கயிற்றில்தான் இருந்தது.

வெளியே இயக்குநர் கத்தியது
ரப்பர் வழியாக, பூனை அழுவதுபோலக் கேட்டது.
கப்பல் சுக்கல் சுக்கலாய் மிதந்தது.
இன்னொரு கப்பலுக்குப் பணமில்லை.
அப்படியே விட்டுவிட்டார்கள்.

வலெட்டா கொட்டகையில், எட்டு மாதம் கழித்து,
மூன்றாம் வரிசையில் தனியாகப் பார்த்தேன்.
வாய் பிளந்து எழுகிறான்.
வலது கண் மாலுமியைப் பார்க்கிறது.
இடது கண் மூடியே இருக்கிறது.
அரங்கமே மூச்சைப் பிடித்தது.
பக்கத்து இருக்கையில் ஒருத்தி, கைக்குட்டையைக் கடித்தபடி:
"பாவம், அதுக்கும் அவள்மேல் ஆசை."
அழிக்கப் போவதைக் காணச் சகியாமல்
பாதி உலகை மூடிக்கொண்டது என்று பத்திரிகையில் எழுதினார்கள்.
எங்கள் சந்துப் பிள்ளைகள்
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு துரத்தி விளையாடினார்கள்;
பிடிபட்டவளை விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம்.
எந்தக் கடலோடியும் சொல்லாத கதை.
பிறந்தது ஒரு கயிற்றில்.

மெல்போர்னிலிருந்து விஸ்டின் எழுதியிருக்கிறான்.
ஒரு சீட்டைத் துறைமுகத்திலேயே பாதி விலைக்கு விற்றானாம்.
"இங்கும் ஓடுகிறது படம். நான்கு தடவை போனேன்,
கைக்கடிகாரத்தோடு.
மூன்று நொடி, லிபராட்டா.
அப்புறம் திறக்கத்தான் செய்கிறது.
அந்த மூன்று நொடி எங்கே இருந்தாய்?"

மெல்போர்னில்.
வாடகை அறை பிடித்தேன், டிராம் எண்களைப் படித்தேன்,
உன் காதுகளோடு ஒரு மகள் பெற்றேன்,
உப்பு கூடியதற்குச் சண்டை போட்டேன்,
ஒரு மழைக்காலையில் உன்னைப் புதைத்தேன்,
கப்பலேறித் திரும்பி வந்து
அரக்கன் கழுத்துக்குள் உட்கார்ந்து
கயிற்றை இழுத்தேன்.

இதை எழுதவில்லை.
"கயிறு நனைந்திருந்தது, சிக்கிக்கொண்டது" என்று எழுதினேன்.
உறையை ஒட்டும் முன்
"ஈரம் இன்னும் காயவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன்.
அடித்தேன்,
ஒற்றைக் கோட்டால்,
படிக்க முடிகிறபடி.