நூத்தியாறு தப்படி

குண்டடம் வளைவில்
சிவப்புக்கொடி ஜீப் எங்களை மறித்தது.
ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக்கொண்டு வந்தவன்
"பெரிய வண்டி வருதுங்கோ, மண்ணுல எறக்கிக்குங்கோ" என்றான்.
எவ்வளவு பெரிது என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

என் வண்டியில் இருந்தது
கண்ணாடி வைத்த பீரோ, தேக்குக் கட்டில், கிரைண்டர்,
பேர் வெட்டிய பித்தளை அண்டா, ரெண்டு குத்துவிளக்கு,
அட்டைப்பெட்டி பிரிக்காத மிக்சி.
நாலு வருசத்துக்கு முன்னால்
இதே ரோட்டில் இதே சாமான்கள்
தாராபுரம் பார்த்துப் போயின.
அன்றைக்குத் தார்ப்பாய் போடவில்லை,
ஊர் பார்க்கட்டும் என்று.
இன்றைக்கு ரெண்டு தார்ப்பாய்.
அப்படியும் கட்டில்கால் வெளியே நீட்டிக்கொண்டது.

பக்கத்துச் சீட்டில் மோகனப்பிரியா.
காலையில் கையெழுத்துப் போட்டதிலிருந்து
வாயே திறக்கவில்லை.

முதலில் மூங்கில் கழிகள் வந்தன.
நாலு பேர், கழிநுனியில் கரண்டுக் கம்பியை ஏந்தி,
பந்தக்கால் நடப் போகிறவர்கள்போல.
பிறகு லாரியின் மூஞ்சி.
அதற்குப் பிறகு வெள்ளை.
வெள்ளை.
இன்னும் வெள்ளை.
காற்றாலை இறக்கை ஒன்று படுத்தபடி வந்தது.
முன்சக்கரம் பெட்ரோல் பங்கைத் தொட்டபோது
பின்சக்கரம் பொரிகடைக்கே வந்துசேரவில்லை.

பொங்கியண்ணன் போண்டாவை எண்ணெயிலேயே விட்டுவிட்டு வந்தார்.
காலேஜ் பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்தது.
பல்லடத்துக் கோழி லாரியில்
பிராய்லர்கள்கூடக் கம்பி வழியே கழுத்தை நீட்டின.
எங்களுக்கு ரெண்டு முழம் தள்ளி நின்றார் நாச்சிமுத்து,
மாப்பிள்ளைக்குப் பெரியப்பன்முறை.
கட்டில் வாங்கியபோது
மரத்தைத் தட்டிப் பார்த்துச் சரி சொன்னவர்.
ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டேன்.
அவர் அண்ணாந்த வாயை மூடவேயில்லை.
இறக்கையே, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

வேப்பங்கிளை ஒன்று குறுக்கே நின்றதில்
எல்லாம் நின்றது.
வைகாசிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து
மண்ணை வாரிக்கொண்டு வந்தது.
தூரத்துக் காடுகளில் மற்ற இறக்கைகள்
கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருக்க,
இது மட்டும் காற்று என்றால் என்னவென்றே தெரியாமல்
பெல்ட் போட்டுக் கட்டிக் கிடந்தது.
என் தார்ப்பாய் ஒரு மூலையில் பிய்ந்தது.
பீரோக் கண்ணாடி முழுக்க வெள்ளையாயிற்று.

கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பினால்
சீட்டில் அவள் இல்லை.

இறக்கையின் நுனியிலிருந்து நடந்துகொண்டிருந்தாள்.
சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து
உதடு அசைய, ஆளை ஆள் விலக்கி,
வரப்பு அளக்கிறவள்போல.
அரிவாளோடு மரத்திலிருந்தவன்
வெட்டுவதை நிறுத்திப் பார்த்தான்.
லாரி மூஞ்சிவரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நூத்தியாறு தப்படி" என்றாள்.
அப்புறம், மூச்சு வாங்க,
"நீ நடந்தீன்னா கொறையும். உனக்குக் கொக்குக் கால்."

பின்சக்கரத்துக்கு மேலே ஒட்டுச் சீட்டில்
ரிமோட்டைக் கையில் வைத்து உட்கார்ந்திருந்த வடக்கத்திப் பையன்
குதித்திறங்கி எங்கள் பக்கம் வந்தான்.
தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்தேன்.
கட்டில்காலைப் பார்த்து நாக்கைக் கொட்டினான்.
இடுப்பிலிருந்து சிவப்புத் துணி ஒன்றை உருவி
அதில் முடிந்தான்,
இழுத்தும் பார்த்தான்.
அவன் பாஷையில் சொன்னது எனக்குப் புரியவில்லை.
பின்னால் வருகிறவனுக்குத் தெரியவேண்டும்
என்கிற மாதிரி இருந்தது.

கிளை விழுந்தது. இறக்கை நகர்ந்தது.
பீரோக் கண்ணாடியை விட்டு அது வெளியேற
வெகுநேரம் பிடித்தது.
கழியிலிருந்து இறங்கிய கம்பி கொஞ்சம் ஆடி
தன் உயரத்தில் நின்றது.
நாச்சிமுத்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு
இந்தப் பக்கம் திரும்பினார்.
நான் சாவியைத் திருகினேன்.

"இருண்ணா" என்றாள்.
"ஒரு காத்தாடிக்கு மூணாமா.
பின்னாடி இன்னும் ரெண்டு வருதாம்.
பாத்துட்டுப் போலாம்."

நாச்சிமுத்து சிவப்புத் துணியைப் பார்த்தார்,
கட்டிலைப் பார்த்தார்,
அவளைப் பார்த்தார்.
அவள் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு
"நல்லா இருக்கீங்ளா மாமா" என்றாள்.

இஞ்சினை அணைத்தேன்.