எதிர்காற்றுக் கணக்கு

தொண்டியில் கிளம்பும்போதே சோழகம் எழுந்துவிட்டது.
ஆனி மாதம்.
படகுக் கொடியெல்லாம் வடக்கே நீட்டிப் படபடக்க
நாங்கள் தெற்கே போக வேண்டும்.

சகுபர் டயரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்க்கிறான்.
என்னைப் பார்க்கவில்லை.
எழுபதாயிரம் ரூபாய்க்காக
நாலு மாதமாய் அவன் என்னைப் பார்ப்பதில்லை.
ஆனால் இது போன வருஷமே போட்ட திட்டம்:
முள்ளிமுனை, காரங்காடு, உப்பூர்,
திருப்பாலைக்குடி, தேவிபட்டினம்,
ராத்திரிக்கு அழகன்குளத்தில் அவன் மச்சான் வீடு.
கடன் நடுவில் வந்தது.
அதற்காக ரூட்டை மாற்ற முடியுமா?

இந்தச் சாலை சமதளம் என்று
காரில் போகிறவர்கள் சொல்வார்கள்.
மேடே இல்லாத சீமையில்
காற்றுதான் மலை.
ஏறிக்கொண்டே இருக்கலாம்,
உச்சி கிடையாது,
ஏறி முடித்தவனுக்கு என்று ஓர் இறக்கமும் கிடையாது.

முள்ளிமுனைக்கு உள்ளே திரும்பிய கப்பிச் சாலையில்
என் பின்சக்கரத்தில் உடைமுள்.
டியூபை முக்கிப் பார்க்க
ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன்,
நண்டு வலையிலிருந்து கால்களைப் பிய்த்துக்கொண்டிருந்தவளிடம்.
"குடம் பத்து ரூவா. ஓட்டை பாக்கவா தரணும்?
கடல் எதுக்குக் கெடக்கு?"
கிடந்தது.
முழங்கால் ஆழத்தில் நின்று
டியூபை அங்குலம் அங்குலமாய் அழுத்தினோம்.
நான் அழுத்த, அவன் பார்க்க,
சின்னதாய் ஒரு குமிழி, பிறகு வரிசையாய்.
"இங்க" என்றான்.
நாலு மாதத்தில் எனக்குச் சொன்ன முதல் சொல்.

காரங்காட்டில் அலையாத்திகளின் நிழல்
தண்ணீருக்கு மட்டும்தான்.
வேர்களெல்லாம் மூச்சு வாங்க
மேலே நீட்டிக்கொண்டிருந்தன, எங்களைப் போல.
உப்பூரில் வெயிலுகந்த பிள்ளையார்.
கூரை வேண்டாமென்று உட்கார்ந்திருப்பவரிடம்
ஒதுங்க இடம் கேட்பது எப்படி?
அவர் பக்கத்தில் நின்றே
ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழம். எண்ணிக் கொடுத்தான்.

அதற்கப்புறம் மரமில்லை.
ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் கருவேலம்,
கருவேலமும் காற்றுக்கு முதுகு காட்டி வளைந்தது.
நான் முன்னால் போனேன்.
முன்னால் போகிறவன் காற்றை நெஞ்சால் கிழிக்க
ஒரு முழம் பின்னால் வருகிறவனுக்குப் பாதி பாரம் குறையும்.
கொஞ்ச தூரத்தில் முழங்கையை ஆட்டினால்
பின்னவன் முன்னால் வருவான். அதுதான் முறை.
நான் ஆட்டவில்லை.

மனசுக்குள் கணக்கு ஓடியது.
கிலோமீட்டருக்கு ஆயிரம்.
தொடை எரிகிறது, அறுபத்தாறு.
கண்ணில் உப்பு, அறுபத்து மூன்று.
லாரி ஒன்று கடந்து காற்றை அறைந்தபோது
சேதாரமாய் இன்னொரு ஐந்நூறு கழித்துக்கொண்டேன்.
வட்டி போட்டால் திரும்ப ஏறிவிடும்,
வட்டி அவனுக்கு ஹராம், நல்லவேளை.
திருப்பாலைக்குடி தாண்டியபோது
ஐம்பத்தெட்டு பாக்கி, கால் மரத்துவிட்டது,
சக்கரம் சுற்றுகிறதா
சாலைதான் பின்னால் போகிறதா தெரியவில்லை.

அப்போது வலப்பக்கம் ஒரு நிழல்.
நான் கேட்காமலே
சகுபர் முன்னால் வந்தான்.
சட்டை முதுகில் உப்பு வரைந்த வரைபடம்.
திரும்பாமல் சொன்னான்:
"விடு நாகநாதா."

எதை?

இடத்தையா, ரூபாயையா?
காற்று மீதியைக் கொண்டுபோனது.
அவன் முதுகுக்குப் பின்னால்
திடீரென்று எவ்வளவு அமைதி.
செயின் ஓடும் சத்தம் கேட்டது,
என் மூச்சு கேட்டது,
தூரத்தில் தேவிபட்டினத்துக் கடல்
அசையாமல் கிடப்பது தெரிந்தது.
கண்ணில் நீர். காற்றுதான்.

பஸ் ஸ்டாண்டுக் கடையில் இரண்டு டீ.
என்னைப் பார்த்தான், முழுசாக,
சிரித்த மாதிரிகூட இருந்தது.
கிளாஸை வைத்துவிட்டு
சட்டைப்பையிலிருந்து சில்லறை எடுத்து
எண்ணி, சரிபார்த்து,
ஒரு டீக்குக் காசு கொடுத்தான்.