விளக்குக்குப் பின்னால்

மாடியில் நின்றால் சேர்வராயன் மலை ஒரு பச்சை.
குனிந்தால் எங்கள் நீச்சல்குளம் இன்னொரு பச்சை.
மலையைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு
செங்கோடன் பத்து நாள் லீவு.
மோட்டாருக்கும் நாங்களே லீவு கொடுத்துவிட்டோம்.
ஆடிக்காற்று மாவிலையைக் கொட்டியது,
வெள்ளைக்கல் சுரங்கத்துப் புழுதியைத் தூவியது.
பதினோராம் நாள் எட்டிப் பார்த்தேன்,
என் முகம் அதில் இல்லை.

நான் பல் டாக்டர்.
அழகாபுரத்தில் இருபத்திரண்டு வருஷமாக க்ளினிக்.
கறை என்றால் எனக்குத் தெரியாதா என்று ஒரு திமிர்.

செங்கோடன் வந்ததும் முதல் வேலையாக
கண்ணாடிக் குழாயில் நாலு சொட்டு விட்டான்.
தண்ணீர் குங்குமச் சிவப்பு.
"ஆசிட் ஊத்தி இறக்கணும்ங்க டாக்டரம்மா,
இல்லீன்னா மருந்து பிடிக்காது."
புரிந்தது.
சீழ் கோத்த ஈறில் மரப்பு ஊசி ஏறாது.
"குளோரின் பகல்ல வேண்டாம்ங்க,
வெயிலே குடிச்சுப்போடும்."
பொழுது சாய்ந்த பிறகு கொட்டினோம்.
மூன்று ராத்திரி. தேய்த்தோம், வடிகட்டியைக் கழுவினோம்,
மறுபடி தேய்த்தோம்.
தண்ணீர் தெளிந்தது, தரை ஓடுகளை எண்ணலாம்.

இரண்டு வாரம்.
மேற்குச் சுவரில், அதே இடத்தில்,
யாரோ பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் மணிமொழியன் மயில்துத்தம் போட்டார்.
படிக்கட்டு நீலமானது.
பாசி பாசியாகவே இருந்தது.
ஓட்டிடுக்கில் கறுப்புப் புள்ளிகள், வேரோடு.
கம்பி பிரஷ் போதவில்லை என்று
க்ளினிக்கில் கழித்துப்போட்ட கொக்கியை எடுத்துவந்து
கரையில் குப்புறப் படுத்து
காரை எடுத்தேன், ஒவ்வொரு இடுக்காக.
வாயே திறக்காத நோயாளி.
ஒரு நாளைக்கு இரண்டு வேளை துலக்கச் சொல்கிறவளுக்கு
நான்கு வேளையும் போதவில்லை.

"மொத்தமா வடிச்சுவிட்டுட்டு புதுசா நிரப்பலாம்" என்றார்.
கேட்டுக்கு வெளியே அப்போது
எதிர்வீட்டு சபீனா குடங்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள்.
குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாள்.
அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.
நானும்.

ஒரு ராத்திரி
குளத்து விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
தண்ணீர் அன்றைக்குத் தெளிவு.
விளக்கு மட்டும் கொஞ்சம் பச்சையாக எரிந்தது.
இத்தனை நாளும் அதைத் தண்ணீரின் நிறம் என்று
நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலையில் மெயினை அணைத்துவிட்டு
செங்கோடன் மார்பளவு இறங்கினான்.
ஒரே ஒரு திருகு.
விளக்கு முகத்தோடு கழன்று வந்தது,
பின்னாலேயே சுருள் சுருளாக ஒயர், குடல் மாதிரி.
பொந்துக்குள் கையை விட்டான்.
கொத்தாகப் பச்சை, ஒரு பிடிக்கும் மேலே.
மருந்து போகாத இடம், பிரஷ் எட்டாத இடம்.
அங்கிருந்துதான்
தினமும் ஒரு இழை புறப்பட்டுப் போயிருக்கிறது சுவருக்கு.
விளக்கடியில் இருட்டு என்பார்கள்.
இருட்டு இல்லை, குடித்தனம்.

பொந்தைச் சுரண்டினோம், விளக்கை வாளியில் ஊறப்போட்டோம்,
பிரஷ்களையும் கூடவே, அவற்றை யார் நம்புவது.

கரையேறிய செங்கோடன் துண்டை
இடது தாடையில் அழுத்திக்கொண்டான்.
அப்போதுதான் நினைவு வந்தது:
பண்டிகைக்கு முன்னாடியும் இப்படித்தான்.
டீயை ஒரு பக்கமாகவே குடிப்பான்.
"எத்தனை நாளா?"
"அது கெடக்குதுங்க. கிராம்பு வெச்சா அடங்கிப்போகும்."
"எத்தனை நாளா?"
"போன தை மாசம்."

குளத்து மேடையில் உட்காரவைத்தேன்.
செல்போன் டார்ச்.
ஆ காட்டச் சொன்னேன்,
இன்னும் கொஞ்சம், இன்னும்.
முன்வரிசை பளிச்சென்று இருந்தது,
யார் பார்த்தாலும் நல்ல பல் என்பார்கள்.
நானும் ஆறு வருஷமாக அந்தச் சிரிப்பைப் பார்த்து
சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பினேன்.