வட்டப் பின், பட்டைப் பின்

குதைபியாவில் வியாழன் இரவு
பதினொன்று இருபதுக்கு வந்தது அந்த மின்னஞ்சல்.
காத்திருப்போர் பட்டியலில் கிடந்த என்னை
மான்செஸ்டர் இப்போதுதான் நினைத்துக்கொண்டதாம்.
இடம் இருக்கிறது. பாதிக் கட்டணம் தள்ளுபடி.
வெள்ளி மாலை ஐந்துக்குள் பதில்.
ஐந்து என்றால் யாருடைய ஐந்து
என்று முதலில் கேட்டவன் தம்பி.
அவர்கள் ஐந்து நமக்கு ஏழு,
கோயம்புத்தூருக்கு ஒன்பதரை.

கோயம்புத்தூரில் எனக்கு ஏற்கெனவே ஒரு கட்டில் உண்டு.
இரண்டாம் மாடி, ஜன்னல் பக்கம்.
பேசி வாங்கித் தந்தவள் சம்யுக்தா,
தாராபுரத்துக்காரி, இன்னும் நேரில் பார்த்ததில்லை.
நான் கெட்டில், நீ இஸ்திரிப் பெட்டி என்று
ஜூன் மாதமே பாகம் பிரித்துக்கொண்டோம்.

இஸ்திரிப் பெட்டி பதினொரு தினார்.
வாங்கி வந்த அன்றே அப்பா
அதன் பட்டைப் பின் பிளக்கை வெட்டிவிட்டு
ஊருக்கு ஆகிற வட்டப் பின்னை மாட்டினார்.
இருபத்திரண்டு வருடம்
அடுத்தவர் வீட்டு ஏசிகளைத் திறந்து மூடிய கை.
மூன்று திருகு, ஒரு நிமிடம்.

அம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்
கணக்குப் போட்டாள்.
சீட்டை இப்போதே தள்ளி எடுத்தால்
இருநூற்று எண்பது தினார் நட்டம்.
"சீட்டு எடுத்தாத்தான் சீட்டு" என்று சொல்லித்
தானே சிரித்தாள்.
யாரும் சேர்ந்து சிரிக்காததால்
நிறுத்திக்கொண்டாள்.

வெளியே புழுக்கம். ஜன்னல் கண்ணாடி
வெளிப்பக்கமாக வேர்த்து வழிந்தது.
எனக்கு இடம் விட்ட ஆளை
யோசித்தபடி கிடந்தேன்.
யாரோ ஒருத்தி வேண்டாம் என்றிருக்கிறாள்.
இதைவிட நல்ல இடமா,
பணம் புரளவில்லையா,
அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலியா?
அவள் எழுந்துபோன நாற்காலியில்
சூடு இன்னும் ஆறியிருக்காது.
நான் எழுந்தால் பொள்ளாச்சிப் பக்கம்
எவளுக்கோ போன் அடிக்கும்.
அவளும் வேறெங்கோ பணம் கட்டிவிட்டு
அரை மனதாய்ப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கலாம்.
அவளுக்கும் ஒரு சம்யுக்தா இருப்பாள்.

ஒன்றை மட்டும் வீட்டில் யாரும் பேசவில்லை.
நான் பிறந்தது இங்கே, சல்மானியாவில்.
இந்த ஊரில் எந்தப் பட்டியலிலும்
பெயர் கொடுக்க எனக்குத் தோன்றியதே இல்லை.
எந்தப் பக்கம் பறந்தாலும்
ஆறு மாதத்தில் விசா செத்துப்போகும்.
அப்புறம் வந்தால் விருந்தாளி.

வெள்ளி மதியம் தொழுகைக் கூட்டம் கலைந்து
தெரு முழுக்க ஹாரன்.
அப்பா அலமாரி மேலிருந்து
பிஸ்கட் டின்னை இறக்கினார்.
ஃபியூஸ்கள், வயர்த் துண்டுகள், எந்த வீட்டினுடையதோ
ஒரு ரிமோட்டின் மூடி.
கிளறி, திருகு வைத்த பட்டைப் பின் ஒன்றை எடுத்து
லுங்கியில் துடைத்து மேஜையில் வைத்தார்.
மான்செஸ்டரிலும் இதுதானாம்.
"எதை மாட்டட்டும்?" என்றார்.
நேற்றிலிருந்து அவர் கேட்ட ஒரே கேள்வி.
"இருங்கப்பா."

இருந்தார்.
டீ ஆறியது. இன்னொரு டீ வந்தது.

ஆறு நாற்பதுக்குச் சம்யுக்தாவுக்கு எழுதினேன்,
கல்லூரிகளுக்கு முன்னால் அவளுக்கு.
நீளமாய் எழுதி, அழித்து,
நாலு வரி அனுப்பினேன்.
நீலக் கோடுகள் வந்தன.
தட்டிக்கொண்டிருந்தாள், நிறுத்தினாள்,
மறுபடி தட்டினாள்.

"அப்ப இஸ்திரிப் பெட்டி?"

நான் சொல் தேடுவதற்குள் இன்னொன்று:

"ஜன்னல் பக்கம் நான் எடுத்துக்கவா?"

எடுத்துக்கோ என்றேன்.
இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.
அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.
அவர் வயரின் நுனியைச்
சீவிக்கொண்டிருந்தார்.